உலை வைக்கும் முன் ஒரு பிடி

கேள்வி: வணக்கம் மேடம். வயது 29, கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கைக்கு வருவது மாதம் 72,000 ரூபாய். கல்விக் கடன் இன்னும் 1.8 லட்சம் பாக்கி, தவணை 9,500. வருமானத்தில் 10 சதவீதத்தைக் காலம் முழுக்க, உண்மையிலேயே பலன் தரும் தொண்டு அமைப்புகளுக்குக் கொடுப்பதாக உறுதிமொழி எடுப்பவர்களைப் பற்றிப் படித்தேன். நானும் எடுக்கலாமா? அப்பா உடுமலையில் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும், முதலில் கடனை அடை" என்கிறார். எந்த அமைப்பை நம்புவது? நன்கொடைக்கான 80ஜி வரிக்கழிவு பார்த்துக் கொடுக்க வேண்டுமா? வீட்டில் வரன் வேறு பார்க்கிறார்கள், அவர்களிடம் இதைச் சொல்ல வேண்டுமா? போன வருடம் நான் கொடுத்ததையெல்லாம் பட்டியல் போட்டு இணைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, கோவை

பதில்: வணக்கம். உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். எனக்கு வருகிற கடிதங்களில் கடன், காப்பீடு, சீட்டு, நகை எல்லாம் இருக்கும்; கொடுத்த கணக்கை இப்படி வரிசையாக எழுதி யாரும் அனுப்பியதில்லை. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மொத்தம் 14 வரிகள், 38,400 ரூபாய். அதில் பெரிய தொகை 15,000, ஒரு குழந்தையின் அறுவைச் சிகிச்சைக்காக வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பு வழியாகப் போயிருக்கிறது. நேரம் இரவு 11.42. அதற்குக் கீழேயே 1,500 ரூபாய் தனியாக நிற்கிறது. அது அந்தக் குழந்தைக்குப் போனதில்லை, பணம் திரட்டும் தளத்துக்கு 'டிப்ஸ்' என்று தானாகவே சேர்ந்துகொண்டது, அவசரத்தில் நீங்கள் அதை எடுத்துவிடவில்லை. அப்புறம் கும்பாபிஷேகத்துக்கு 5,001, ஒவ்வொரு மாதமும் போன் செய்து கேட்கிற ஓர் இல்லத்துக்கு மூன்று தடவை, கல்லூரி நண்பர்கள் வெள்ளத்துக்குத் திரட்டியது, இப்படி. பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "அன்றைக்குத் தூக்கம் வரவில்லை", "கேட்டதால் மறுக்க முடியவில்லை."

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 8,64,000 வருகிறது. அதில் 38,400 என்பது கிட்டத்தட்ட நாலரை சதவீதம். கொடுக்க முடியுமா என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் கடனும் கட்டிக்கொண்டு, வீட்டுக்கும் பணம் அனுப்பிக்கொண்டு, நீங்கள் ஏற்கெனவே நாலரை சதவீதம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். யாருக்குப் போகிறது என்பதைத்தான் இதுவரை நீங்கள் முடிவு செய்யவில்லை. யார் கடைசியாகக் கேட்டார்களோ, எந்தப் படம் ராத்திரியில் மனசைப் பிசைந்ததோ, அது முடிவு செய்திருக்கிறது. உங்கள் இரக்கத்தைக் குறை சொல்லவில்லை, அது இல்லாமல் இந்தக் கடிதமே வந்திருக்காது. ஆனால் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைவிட எங்கே கொடுக்கிறோம் என்பதில்தான் பெரிய வித்தியாசம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்பா சொல்வதற்கு முதலில் வருகிறேன். அவர் சொன்னதில் பாதி முழுக்க சரி. கடன் இருக்கிறது, அவருக்கும் அம்மாவுக்கும் வயதாகிறது, உங்களுக்கு வேலை போனால் வேறு யாரும் இல்லை. ஆனால் 'மிஞ்சியது' என்று ஒன்று மாதக் கடைசியில் யாருக்கும் மிஞ்சுவதில்லை. சம்பளம் 30,000 ஆக இருந்தபோதும் மிஞ்சவில்லை, 72,000லும் மிஞ்சவில்லை, ஒன்றரை லட்சத்திலும் மிஞ்சப்போவதில்லை. இதை இருபது வருடத்துக்கு மேலாக ஓர் ஆடிட்டராகப் பலருடைய வங்கிக் கணக்கைப் பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன்.

என் பாட்டி வீடு விருதுநகர்ப் பக்கம். அடுப்படி மூலையில் ஒரு மண் கலயம் இருக்கும். காலையில் படியில் அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டுவிட்டுத்தான் உலையில் போடுவார். வாரம் ஒருநாள் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். பிடியரிசி என்று பெயர். விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலை, காமராஜர் படித்த பள்ளி, இப்படி வீடுவீடாக எடுத்த பிடியரிசியிலும், கடைக்காரர்கள் ஒவ்வொரு வியாபாரத்திலும் தனியாக எடுத்து வைத்த மகமையிலும் நடந்த பள்ளி. அந்தக் கடைக்காரர்களும் அந்தப் பெண்களும் எல்லாருமே வசதியானவர்கள் இல்லை. ஒரு பிடி குறைந்ததால் அன்றைக்கு யார் வயிறும் காயவில்லை, ஏனென்றால் மீதியைத்தான் வீட்டுக்கென்று அளந்துகொண்டார்கள். சோறு வடித்துச் சாப்பிட்டு மிஞ்சியதைக் கொடுக்கலாம் என்று இருந்திருந்தால் அந்தப் பள்ளிக்கு ஒரு குண்டுமணி அரிசி போயிருக்காது. இதை அப்பாவிடம் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். அவர் தலைமுறைக்குப் பிடியரிசி தெரியும்.

இனி உறுதிமொழி. நீங்கள் படித்தது 2009இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் டோபி ஆர்டு, வில்லியம் மெக்கஸ்கில் என்ற இரண்டு தத்துவத்துறைக்காரர்கள் தொடங்கிய 'கிவிங் வாட் வி கேன்' பற்றியதாக இருக்கும். வருமானத்தில் குறைந்தது 10 சதவீதம், வேலை ஓய்வு வரை. இதுவரை 10,000 பேருக்கு மேல் எடுத்திருக்கிறார்கள். சட்டப்படி கட்டுப்படுத்தும் பத்திரம் இல்லை, மனசாட்சிக்குக் கொடுக்கிற வாக்கு; நிலைமை மாறினால் விலகிக்கொள்ளவும் வழி இருக்கிறது. அதே அமைப்பில் 1 சதவீதத்திலிருந்து நீங்களே விகிதமும் காலமும் குறித்துக்கொள்கிற சோதனை உறுதிமொழி ஒன்றும் உண்டு. உங்களுக்கு இப்போது அதுதான்.

விகிதத்தைச் சொல்லிவிடுகிறேன். மாதம் 3,000 ரூபாய். நாலு சதவீதத்துக்குச் சற்று மேலே வருகிறது. போன வருடம் கொடுத்ததைவிட ஒரு ரூபாய்கூட அதிகம் இல்லை, ஆகவே கடனும் தாமதமாகாது, வீட்டுக்கும் குறையாது. 10 சதவீதம் என்றால் 7,200. இப்போது வேண்டாம். உங்கள் தவணைக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், பத்தரை சதவீத வட்டி என்றால் சுமார் 21 மாதத்தில் கடன் முடிகிறது. முடிகிற மாதத்தில் கையில் 9,500 விடுபடும். அதில் 4,200ஐ இந்தப் பக்கம் சேர்த்தால் 7,200 ஆகிவிடும், உங்களுக்கு 5,300 மிச்சம், முழு உறுதிமொழியை அன்றைக்கு எடுங்கள். நடுவில் உள்ள 21 மாதத்தில் ஆறு மாதச் செலவுக்கான தொகையை வங்கி வைப்பில் சேர்த்துவிடுங்கள், அப்பா அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு இல்லையென்றால் இந்த மாதமே எடுங்கள். கம்பெனி காப்பீடு போதும் என்று இருந்துவிடாதீர்கள், வேலை மாறும் அன்றே அது போய்விடும்.

விகிதத்தைச் சின்னதாக ஆரம்பிக்கச் சொல்வதற்கு என் சொந்த அனுபவமும் ஒரு காரணம். 2020இல் ஊரடங்கில் எனக்கு ஐந்து மாதம் பீஸ் எதுவும் வரவில்லை. கொடுத்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிடலாம் என்று உட்கார்ந்தேன், பிறகு 1 சதவீதமாகக் குறைத்தேன். சில மாதங்களில் வெறும் முன்னூறு, நானூறு ரூபாய். ஆனால் மாதாமாதம் பணம் தானாகப் போகும்படி வங்கியில் போட்டிருந்த கட்டளை ஓடிக்கொண்டே இருந்ததால் வருமானம் திரும்பியபோது பழைய இடத்துக்கு வர எனக்கு ஒரு நாள்தான் ஆனது. முழுக்க நிறுத்திவிட்ட என் நண்பர்கள் சிலர் இன்னும் 'நிலைமை சரியாகட்டும்' என்றே இருக்கிறார்கள். அதனால் கஷ்ட மாதம் வந்தால் குறைத்துக்கொள்ளுங்கள், பூஜ்யம் ஆக்காதீர்கள்.

சரி, எங்கே கொடுப்பது. பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று நம் ஊரில் சொல்வதை நாம் பெரும்பாலும் வாங்குகிறவர் யோக்கியமானவரா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். யோக்கியம் முதல் படிதான். ரொம்ப நல்லவர்கள், நேர்மையாக, ஒன்றுக்கும் உதவாத வேலையைச் செய்யக்கூடும். ஆப்பிரிக்காவில் குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் நிலத்தடி நீர் மேலே ஏறும் என்று 'பிளேபம்ப்' என ஒன்றைக் கொண்டுவந்தார்கள், ஒன்றின் விலை 14,000 டாலர், 2006இல் அமெரிக்காவில் கோடிக்கணக்கில் பணம் சேர்ந்தது. கடைசியில் குழந்தைகள் விளையாடாத நேரத்தில் பெண்கள்தான் அந்தக் கனமான ராட்டினத்தைக் கையால் தள்ள வேண்டியதாயிற்று, அதற்குச் சாதாரணக் கைப்பம்பே தேவலை. யாரும் திருடவில்லை. யாரும் அந்தப் பெண்களிடம் கேட்கவில்லை.

இதற்கு நேர் எதிராக நான் எல்லாரிடமும் சொல்கிற ஒரு கதை ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்தில் நடந்தது. அங்கே கிராமங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி இலவசம்தான், ஆனால் துணைச் சுகாதார நிலையத்துக்குப் போனால் நர்ஸ் இருப்பார் என்று உத்தரவாதம் கிடையாது. கூலி வேலையை விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்து போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வருகிற தாய் அடுத்த முறை போவாரா? சேவா மந்திர் என்ற தொண்டு அமைப்பும், பின்னால் 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகியோரும் சேர்ந்து 134 கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். சில கிராமங்களில் மாதம் தவறாமல் குறித்த நாளில் முகாம். சிலவற்றில் அதே முகாம், கூடவே ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு, எல்லா ஊசியும் போட்டு முடித்தால் சாப்பாட்டுத் தட்டுகள். மீதிக் கிராமங்களை எப்போதும்போல விட்டார்கள். விட்ட கிராமங்களில் எல்லாத் தடுப்பூசியும் போட்டு முடித்த குழந்தைகள் 6 சதவீதம். முகாம் நடந்த இடங்களில் 18. பருப்பும் கொடுத்த இடங்களில் 39.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி செலவுக் கணக்கு. பருப்பு கொடுத்தால் செலவு கூடும் என்றுதானே நினைப்போம்? ஒரு குழந்தைக்கு எல்லா ஊசியும் போட்டு முடிக்க ஆன செலவு பருப்பு இல்லாத முகாமில் சுமார் 56 டாலர், பருப்பு கொடுத்த முகாமில் சுமார் 28. ஏனென்றால் நர்ஸுக்கு நாள் சம்பளம் கொடுத்தாகிவிட்டது. அஞ்சு பேர் வந்தாலும் ஐம்பது பேர் வந்தாலும் அது ஒன்றுதான், கூட்டம் வரும்போது தலைக்குச் செலவு பாதியாகிவிடுகிறது. பரிதாபமான படம் எதுவும் இதில் இல்லை. ஊசி போட்டதால் நோய் வராமல் போன குழந்தையை யாரும் படம் எடுத்து ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு உங்களுக்கு அனுப்பப்போவதில்லை. அதனால்தான் இப்படிப்பட்ட வேலைக்குப் பணம் குறைவாக வருகிறது. உங்களைப் போன்றவர்கள் யோசித்துக் கொடுக்க வேண்டியதும் அதனால்தான்.

இப்படி அளந்து பார்ப்பதையே தொழிலாகச் செய்கிற 'கிவ்வெல்' என்ற அமைப்பு 2007 முதல் அமெரிக்காவில் இருக்கிறது. தொண்டு அமைப்புகள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஆய்வுகளையும் செலவையும் வைத்து, இவ்வளவு பணத்துக்கு எத்தனை உயிர் என்று தோராயமாகக் கணக்கிடுகிறார்கள். மலேரியா தடுப்பு மாத்திரை, மருந்து தோய்த்த கொசுவலை, வைட்டமின் ஏ சொட்டு மருந்து, தடுப்பூசிக்கு வரும் தாய்மாருக்குச் சிறு தொகை என்று நாலு வேலைகளை நெடுங்காலமாக முதலிடத்தில் வைத்திருக்கிறார்கள். நாலாவது நைஜீரியாவில் நடப்பது, உதய்பூர்ப் பருப்பின் தங்கை என்றே நான் நினைத்துக்கொள்வேன். உலகத்தில் வருடத்துக்குச் சுமார் 6 லட்சம் பேர் மலேரியாவில் சாகிறார்கள், பெரும்பகுதி ஆப்பிரிக்காவில், அதிலும் பெரும்பாலும் 5 வயதுகூட ஆகாத குழந்தைகள். ஒரு வலையை வாங்கி வீடு சேர்க்க ஐந்தாறு டாலர்தான். எல்லா வலையும் ஓர் உயிரைக் காப்பாற்றாது என்பதையும் கழித்துப் பார்த்துத்தான், ஓர் உயிருக்குச் சில ஆயிரம் டாலர், 3,000க்கும் 5,500க்கும் நடுவில் என்று மதிப்பிடுகிறார்கள். இது மதிப்பீடு, ரசீது இல்லை. இருந்தாலும் நீங்கள் 10 சதவீதத்துக்கு வந்த பிறகு ஏழெட்டு ஆண்டுகளில் அந்தத் தொகையைத் தாண்டிவிடுவீர்கள் என்பதை நினைத்தால் எனக்கே கை நடுங்குகிறது.

ஆனால் ஒரு நடைமுறைச் சிக்கல். இங்கே குடியிருப்பவர் வெளிநாட்டு அமைப்புக்கு நன்கொடை அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது, ஆண்டுக்கு 2.5 லட்சம் டாலர் என்ற பொது வரம்புக்குள். மாதம் 3,000 ரூபாயை வங்கி வழியாக அனுப்பினால் கட்டணமே ஒரு பங்கைத் தின்றுவிடும். நான் செய்வது, வலைக்கு என்று ஒதுக்கியதைத் தனிக் கணக்கில் சேர்த்து, மார்ச் மாதம் மொத்தமாக ஒரே தடவை அனுப்புவது. முதல் இரண்டு வருடம் உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம், ரூபாயில் கொடுக்கக்கூடிய இடங்களில் தொடங்குங்கள். 1995இல் மும்பையில் தொடங்கிய பிரதம், எந்த வகுப்பில் படிக்கிறான் என்று பார்க்காமல் எந்த அளவுக்கு வாசிக்க வருகிறது என்று பார்த்துக் குழந்தைகளைப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது, அது பலமுறை ஆய்வுக்கு உட்பட்டுத் தேறிய முறை. சேவா மந்திர் இருக்கிறது. இப்படி ஒன்றோ இரண்டோ போதும். பதினாலு இடத்துக்குப் பிரித்தால் எதையும் உங்களால் தொடர்ந்து பார்க்க முடியாது.

நல்ல அமைப்பு என்பதும், உங்கள் பணம் அங்கே கூடுதலாக எதையாவது செய்யுமா என்பதும் வேறு வேறு கேள்வி, இதையும் மனசில் வையுங்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எனக்கு மிகவும் பிடிக்கும். 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது, லட்சக்கணக்கானவர்களுக்கு இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் பார்வை கொடுத்திருக்கிறது. ஆனால் கட்டணம் கட்டுகிற நோயாளிகளின் வருமானத்திலேயே தன் செலவைப் பார்த்துக்கொள்ளும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள். உங்கள் 3,000 வராததால் அங்கே ஓர் அறுவை நிற்காது. எங்கே பணம் வராததால் வேலை நிற்கிறதோ அங்கே போக வேண்டும். எந்த அமைப்புக்கும் எழுதிக் கேளுங்கள்: "அடுத்த வருடம் உங்களுக்கு 10 லட்சம் கூடுதலாக வந்தால் என்ன செய்வீர்கள்?" தெளிவாகப் பதில் சொல்கிறவர்களிடம் கொடுங்கள்.

'நிர்வாகச் செலவு பூஜ்யம்' என்று விளம்பரம் செய்கிறவர்களைப் பற்றி ஓர் ஆடிட்டராக ஒரு வார்த்தை. வண்டி, சம்பளம், வாடகை எல்லாவற்றையும் 'திட்டச் செலவு' என்ற தலைப்பில் எழுதிவிட்டால் நிர்வாகச் செலவு காகிதத்தில் பூஜ்யம் ஆகிவிடும். எத்தனை குழந்தைகளுக்கு ஊசி போட்டார்கள் என்று ஆள் வைத்து எண்ணுவதும் நிர்வாகச் செலவுதான், அந்தச் செலவை நான் மனமாரக் கொடுப்பேன்.

80ஜி கேட்டிருந்தீர்கள். 80ஜி கழிவு பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான், புதிய முறையில் கிடையாது. தவிர, 2025-26 முதல் புதிய முறையில் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரியே இல்லை. உங்கள் சம்பளம் அதற்குள் இருக்கிறது, ஆகவே 80ஜி உங்களுக்கு ஒரு ரூபாயும் மிச்சப்படுத்தாது. அதைக் காட்டி "வரி மிச்சம் ஆகும் சார், வரி மிச்சம் ஆகும் மேடம்" என்று போனில் பேசுகிறவர்களுக்கு இனிமேல் பதில் சொல்லிவிடலாம். ஆனாலும் அந்தப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள், வருமான வரித்துறைக்குக் கணக்குக் காட்டுகிற அமைப்பு என்பதற்கு அது ஒரு அடையாளம். நிதி ஆயோக்கின் தர்பண் தளத்தில் பதிவு எண் இருக்கிறதா, தணிக்கை செய்த ஆண்டறிக்கை வெளியில் கிடைக்கிறதா, வருடம் முடிந்ததும் நன்கொடைச் சான்றிதழ் தருகிறார்களா, இவ்வளவு பார்த்தால் போதும். ஒருமுறை ஓர் அறக்கட்டளையிடம் இந்தச் சான்றிதழைக் கேட்டு நாலு மாதம் நடந்தேன், கடைசிவரை வரவில்லை. அடுத்த வருடம் என் பணமும் அங்கே போகவில்லை.

அப்படியென்றால் கோயிலுக்கு, தெருவில் கேட்கிறவருக்கு, வீட்டு வேலை செய்யும் அக்காவின் பையன் பீஸுக்குக் கொடுக்கவே கூடாதா? கொடுங்கள், தாராளமாக. அதை இந்த 3,000த்தில் சேர்க்காதீர்கள், சினிமாவுக்கும் துணிக்கும் எடுக்கிற பணத்திலிருந்து மாதம் 500 என்று ஒரு அளவு வைத்துக்கொள்ளுங்கள். மனசு கேட்டால் கொடுக்கவும் ஒரு இடம் வேண்டும், இல்லையென்றால் உறுதிமொழியே ஒரு பாரமாகிவிடும். ராத்திரி வருகிற இணைப்புகளுக்கு மட்டும் ஒரு விதி: மறுநாள் காலை வரை காத்திருங்கள், அந்த மருத்துவமனைக்கே போன் போட்டுக் கேளுங்கள், உண்மை என்றால் மருத்துவமனைக் கணக்குக்கே நேராக அனுப்புங்கள்.

வரன் விஷயம். சொல்லுங்கள், முதல் இரண்டு மூன்று பேச்சுக்குள்ளேயே சொல்லுங்கள். கல்விக் கடன் இருக்கிறது என்பதை மறைக்க மாட்டீர்கள் இல்லையா, அதே மாதிரி இதையும் இருவரும் தனியாகப் பேசும்போது அவரிடமே சொல்லுங்கள். பெரியவர்கள் சபையில் அறிவிப்பாக வேண்டாம். "என் சம்பளத்தில் இவ்வளவு இதற்குப் போகிறது, கல்யாணத்துக்குப் பிறகும் போகும், உங்கள் சம்பளத்தைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை." அவர் கேள்வி கேட்டால் நல்லது, உதய்பூர்க் கதையைச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம்தான். பிற்பாடு வீட்டுக் கடன், குழந்தை என்று வரும்போது விகிதத்தை இருவரும் உட்கார்ந்து மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அன்றைக்குப் புதிதாக ஒளித்து வைத்த ரகசியம் மாதிரி அது வெளிவரக் கூடாது.

உங்களுக்கு மாதக் கடைசி நாள் சம்பளம் வருகிறது. வங்கிச் செயலியில் 1ஆம் தேதிக்கு நிலையான கட்டளை ஒன்று போட்டுவிடுங்கள், தவணை 5ஆம் தேதி, அதற்கு முன்னால் இது போய்விட வேண்டும். 21 மாதம் கழித்துக் கடன் முடிந்த ரசீதை அப்பா கையில் கொடுக்கிற அன்றைக்கு, அதே நாளில் கட்டளையை 7,200க்கு மாற்றிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.